கடல் எங்கள் மலைக்கும் வந்தது

 

போன வாரம் தரம் 10 வரலாற்றுப் பாடம். மாந்தை, கொடவாய, காலி என்று பழைய துறைமுகங்களைச் சொல்லிக்கொண்டு போனோம். பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை கேட்டது: "இதெல்லாம் கரையோர ஆளுங்க கததானே சேர்? எங்களுக்கும் கடலுக்கும் என்னா சம்பந்தம்?" பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வரும் பிள்ளை.

கேள்வியில் பிழை இல்லை. நாங்கள் சொல்லிக்கொடுக்கும் விதத்தில்தான் பிழை.

கடல் வணிகம் என்றவுடன் காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்லைக் காட்டுவோம். சீனத் தளபதி செங் ஹ வைத்தது. 1409ஆம் ஆண்டு பொறித்த அந்தக் கல்லில் சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயராலும் காணிக்கை எழுதியிருக்கிறது. கொழும்பு நூதனசாலையில் பார்க்கலாம். நல்ல பாடம்தான். ஆனால் எங்கள் ஊவாவுக்கு வரும்போது கதையை நிறுத்திவிடுகிறோம்.

உப்பில் இருந்து தொடங்கலாமே. மலைநாட்டில் உப்பு விளையாது. கண்டி இராச்சியத்தில் கரையில் இருந்து உப்பை ஏற்றி வந்ததும், இங்கிருந்து பாக்கைக் கொண்டுபோனதும் தவள மாடுகள். அந்தத் தொழிலில் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு. 1817இல் பிரித்தானியர் ஹாஜி மரிக்காரை அங்கே முஹாந்திரமாக நியமித்தார்கள். தங்கள் அதிகாரம் குறைந்ததில் கண்டியத் தலைவர்களுக்கு வந்த கோபம் ஊவா கிளர்ச்சிக்கு ஒரு பொறி. கிளர்ச்சியைப் படிப்பிக்கிறோம். மாட்டில் வந்த உப்பைப் படிப்பிப்பதில்லை.

பிறகு கோப்பி. அதை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது வேறெங்கும் இல்லை, எங்கள் மடுல்சீமையில். அதே வருடம் சுயஸ் கால்வாய் திறந்து லண்டனுக்கான பாதை சுருங்கியது. கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1890இல் லிப்டன் ஹப்புத்தளையில் தம்பேதன்ன தோட்டத்தை வாங்கினார். 1924இல் ரயில் பதுளைக்கு வந்தது. ஒன்பது வளைவுப் பாலத்தில் இன்று செல்ஃபி எடுக்காத ஆள் இல்லை. அந்தப் பாதை கொழும்புத் துறைமுகத்துக்குத் தேயிலைப் பெட்டி இறக்கப் போட்டது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பெட்டி இறங்கிய கதை இது. ஆட்கள் ஏறி வந்த கதை இன்னொன்று. தமிழ்நாட்டில் இருந்து கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. வந்து சேர்ந்தவர்களின் தலையில் வழிச்செலவே கடனாக ஏறியது. அந்தக் கடனை எழுதிய "துண்டு" ஆளோடு சேர்ந்து தோட்டம் விட்டுத் தோட்டம் போனது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். பாட்டன் இறங்கிய அதே தலைமன்னாரில் பேரன்மார் கப்பல் ஏறினார்கள்.

எங்கள் கருத்து இதுதான். கப்பலில் வந்த பட்டும் குதிரையும் வரலாறு என்றால், கப்பலில் வந்த கூலியாளும் வரலாறுதான். அவனை மட்டும் "பிரச்சினை" என்று வேறு அத்தியாயத்தில் போடக்கூடாது. "வந்தான் வரத்தான்" என்ற பேச்சை முஸ்லிம்களாகிய நாங்களும் கேட்டவர்கள். அதே பேச்சைத் தோட்டத்துப் பிள்ளையைப் பார்த்து எங்கள் கடை வாசலில் சிலர் பேசியதையும் கேட்டிருக்கிறோம். வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

அடுத்த தவணையில் பிள்ளைகளோடு ஒரு வேலை தொடங்கப்போகிறோம். கொழுந்துக் கூடையில் இருந்து கொழும்பு ஏலம் வரைக்கும், அங்கிருந்து கப்பல் வரைக்கும் ஒரு பெரிய வரைபடம். கூடவே ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் பெரியவர்களிடம் கேட்டு எழுதும் ஒரு பக்கம். பழைய துண்டு, தேயிலைப் பெட்டித் தகடு, தலைமன்னார் கப்பல் டிக்கட், தவள மாட்டு மணி எது வைத்திருந்தாலும் படம் எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். அசல் வேண்டாம், படம் போதும். பசறை, மடுல்சீமை, வெலிமடைப் பக்கத்து ஆசிரியர்கள் சேர விரும்பினால் கமெண்டில் சொல்லுங்கள்.