கடிதத்துக்கு முன்பே ஏமாந்தவர்

ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் காரியஸ்தர் மால்வோலியோ ஏன் ஏமாந்தார் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் பணிப்பெண் மரியாவின் போலிக் கடிதத்தைச் சொல்வார்கள். எஜமானி ஒலிவியாவின் கையெழுத்தைப் போலவே எழுதி, அவளுடைய முத்திரையையும் பதித்து, தோட்டத்தில் போட்டுவைத்த காதல் கடிதம். 1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் மிடில் டெம்பிளில் நாடகத்தைப் பார்த்த ஜான் மானிங்ஹாம் என்ற சட்ட மாணவரும் தன் நாட்குறிப்பில் இந்தச் சூழ்ச்சியைத்தான் மெச்சினார்.

ஆனால் காட்சி எந்த வரிசையில் நடக்கிறது என்று பாருங்கள். கடிதம் கண்ணில் படும் முன்பே மால்வோலியோ கற்பனையில் பிரபு ஆகிவிட்டார். கல்யாணமாகி மூன்று மாதம், உடம்பில் வெல்வெட் அங்கி, ஒலிவியா தூங்குகிறாள். இவர் எழுந்து வந்து, அவளுடைய உறவினர் சர் டோபியைக் கூப்பிட்டனுப்பி, குடியை விடச் சொல்லிக் கண்டிக்கிறார். சீமாட்டி ஒருத்தி தன் வேலையாளை மணந்த முன்னுதாரணம்கூடக் கைவசம் இருக்கிறது. புதருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் டோபி இதையெல்லாம் கேட்டுப் பல்லைக் கடிக்கிறார்.

கடிதத்தில் மால்வோலியோவின் பெயரே கிடையாது. நான்கு எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. நான்கும் தன் பெயரில் உள்ளவைதான். ஆனால் வரிசை ஒத்துவரவில்லை என்பதை அவரே கவனிக்கிறார். கொஞ்சம் நெருக்கினால் வழிக்கு வந்துவிடும் என்று தேற்றிக்கொள்கிறார். மரியாவின் கெட்டிக்காரத்தனம் அந்த இடைவெளியை விட்டுவைத்ததில்தான். பிறகு, கடிதம் சொன்னபடி, ஒலிவியாவுக்குப் பிடிக்கவே பிடிக்காத மஞ்சள் காலுறையோடு அவள் முன் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் இந்த நோய் அவருக்கு மட்டுமா? அண்ணனுக்காக ஏழு வருடம் துக்கம் காப்பதாகச் சொன்ன ஒலிவியா, தூது வந்த இளைஞனைக் கண்டதும் மனம் மாறுகிறாள். அவளிடம் அந்தத் தூதனை அனுப்பிய ஆர்சினோ பிரபுவோ காதலிப்பதையே காதலிப்பவர். ஆண் வேடத்தில் அந்தத் தூதனாக வந்த வயோலாதான் ஊரை ஏமாற்றுகிறாள். ஆனால் தான் யார், யாரை விரும்புகிறோம் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரியும்.

மால்வோலியோவைப் பைத்தியம் என்று இருட்டறையில் அடைத்தது வேறு கணக்கு. அது வேடிக்கையின் எல்லையைத் தாண்டிய கொடுமை. ஒலிவியாவே அவருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்கிறாள். பழிவாங்குவேன் என்று கத்திவிட்டு அவர் வெளியேறுகிறார். கடிதம் யார் எழுதியது என்று விசாரித்தார்கள். வெல்வெட் அங்கிக் கனவைப் பற்றி அவரும் பேசவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.