பித்தப்பையும் கல்லும்

நமது ஈரல் ஓயாது பித்தநீரைச் சுரக்கின்றது. அதனைச் சேமித்துச் செறிவாக்கி, கொழுப்புணவு குடலை அடைந்ததும் சுருங்கி வெளியேற்றுவதே பித்தப்பையின் தொழில். பித்தநீரிற் கொலஸ்திரோல் மிகுந்தால் அது படிந்து கல்லாகலாம். பெரும்பாலான கற்கள் தொல்லை தருவதில்லை. ஆனால், கல்லொன்று பையின் வாயிலை அடைத்தால், விருந்துண்ட இரவில் வலப்புற விலாவின் கீழ் நோவெடுத்து வலத்தோள் வரை பரவும். நாமோ அதனை வாய்வெனக் கருதி, ஓமநீர் அருந்திப் பொறுத்திருக்கின்றோம். நோவுடன் காய்ச்சலேனும் கண்களில் மஞ்சள் நிறமேனும் கண்டால் உடனே வைத்தியசாலையை நாடவேண்டும். 1882 ஆம் ஆண்டில் பேர்லின் நகரிற் கார்ல் லாங்கென்புக் என்னும் வைத்தியர் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். பை நீங்கினும் பித்தநீர் ஈரலிலிருந்து நேரே குடலைச் சேரும், உணவும் செரிக்கும். ஆகவே, சத்திரசிகிச்சைக்கு அஞ்சிக் காலங்கடத்துதல் வேண்டா.