சக்கரத்தைத் திருப்பிக் காட்டுங்கள்

பழைய பந்தயக் கார்களின் சக்கரமும் உதிரிப் பாகமும் விற்கிறவர்கள் கதை சொல்வதை நிறுத்திவிட்டு, சரக்கைத் திருப்பிக் காட்ட வேண்டும். இதுதான் என் கட்சி. வார்ப்படச் சாலையின் முத்திரை, அச்சு எண், அகலம், சில சமயம் தேதி, எல்லாம் பெரும்பாலும் சக்கரத்தின் உள்பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் விற்பனைப் படங்களில் பாருங்கள், பளபளவென்று தேய்த்த முன்பக்கம் மட்டும்தான் இருக்கும். கூடவே ஒரு வரி: "லெ மானில் ஓடியது."

நம்மூரில் பிரெஞ்சு படித்தவர்கள் 'லெ மான்' என்றுதான் சொல்வோம். கடைசி 'ஸ்' எழுத்தில் உண்டு, வாயில் கிடையாது. 1923இல் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயம் அது. மாத்ரா கார்கள் 1972, 1973, 1974 என்று மூன்று வருஷம் தொடர்ந்து அங்கே ஜெயித்தபோது நாங்கள் இருபது வயதைத் தாண்டிய பிள்ளைகள். பிரெஞ்சுப் பத்திரிகை எப்போது வரும் என்று காத்திருந்து, கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். அந்தப் பைத்தியம் எனக்கு இன்னும் தெளியவில்லை. பிறகு அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்து பதிவேடுகளோடே காலம் தள்ளினேன். ஆகவே இரண்டு பழக்கமும் சேர்ந்துதான் என்னை இப்படிப் பேச வைக்கின்றன.

முதலில், ஒரு சக்கரம் தன்னைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்று பார்ப்போம்.

ஜாகுவார் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1951லும் 1953லும் லெ மானில் வென்ற சி-டைப் கார்கள் கம்பிச் சக்கரத்தில் ஓடின. 1955, 1956, 1957 மூன்று வருஷமும் வென்ற டி-டைப் கார்களுக்கு டன்லப் கம்பெனி செய்த, துளை போட்ட லேசான உலோகத் தட்டுச் சக்கரம். ஃபோர்டு ஜி.டி.40 இன்னும் நல்ல உதாரணம். 1964இல் அது வந்தபோது இத்தாலியின் பொர்ரானி கம்பிச் சக்கரம். 1966இல் ஃபோர்டு முதல் மூன்று இடங்களையும் பிடித்தபோது அமெரிக்காவின் ஹாலிபிராண்ட் மெக்னீசியச் சக்கரம். 1968லும் 1969லும் வென்ற நீலமும் ஆரஞ்சும் பூசிய காருக்கு பி.ஆர்.எம். சக்கரம். ஒரே பெயருள்ள கார், ஐந்தாறு வருஷத்துக்குள் மூன்று விதமான சக்கரம். "ஜி.டி.40 சக்கரம்" என்று ஒருவர் சொன்னால், எந்த வருஷத்து ஜி.டி.40 என்று கேட்காமல் மேலே பேச முடியுமா?

அடுத்தது, சக்கரம் அச்சில் எப்படி உட்காருகிறது என்பது. நடுவில் ஒரே நட்டா, சுற்றி ஐந்து போல்ட்டா? நடு நட்டு என்றால் வலதுபக்க மரையும் இடதுபக்க மரையும் எதிரெதிராக இருக்கின்றனவா? 1970களில் பி.பி.எஸ். என்ற ஜெர்மன் கம்பெனி மூன்று துண்டுச் சக்கரம் கொண்டுவந்தது. நடுத்தட்டு ஒன்று, ரிம் இரண்டு பாதி, எல்லாவற்றையும் போல்ட் போட்டு இணைப்பார்கள். பாதியை மாற்றினால் அகலம் மாறும். பந்தயக்காரர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் இன்று வாங்குகிறவர் மூன்று துண்டுக்கும் தனித்தனியாக ஜாதகம் கேட்க வேண்டும்.

பிறகு உலோகம். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் சுமார் 2.7 கிராம் என்றால், மெக்னீசியம் சுமார் 1.7 கிராம்தான். கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். சந்தேகம் இருந்தால் மறைவான ஓரிடத்தில் பூச்சைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மெக்னீசியம் என்றால் நுரைக்கும். அலுமினியம் சும்மா இருக்கும்.

இவ்வளவும் வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய பரிசோதனை. இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் யூரோ எண்ணிக் கொடுக்கிறார்கள்.

பிரான்சில் குடியிருக்கும் என் அக்காள் மகன் போன வருஷம் ஒரு படம் அனுப்பினான். "மாமா, போர்ஷ் 917 சக்கரமாம். லெ மானில் ஓடினதாம். வாங்கலாமா?" 917 என்றால் சும்மாவா? 1969 ஏப்ரலில் அதிகாரிகள் பார்வையிட 25 கார்களை வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். 1970லும் 1971லும் லெ மானில் வென்றது அந்த வகைதான். 1971இல் வென்ற காருக்குச் சட்டகமே மெக்னீசியக் குழாயில் செய்தது. படத்தைப் பார்த்தவுடன் நான் எண்ணினேன்: ஐந்து போல்ட் துளை. 917க்கு நடுவில் ஒரே நட்டு. "துளை வட்டத்தை அளந்து சொல்லுடா" என்றேன். 130 மில்லிமீட்டர் என்றான். அது சாலையில் ஓடும் போர்ஷ் கார்களின் அளவு. வினிகர் விட்டுப் பார்க்கச் சொன்னேன், நுரைக்கவில்லை. உள்பக்கத்து எண் இருக்க வேண்டிய இடத்தில் மிஷினால் தேய்த்த தடம். அவன் வாங்கவில்லை. அது மோசமான சக்கரம் என்று நான் சொல்லவில்லை. நல்ல 911 ஒன்றுக்குப் பூட்டினால் அழகாக ஓடும். 917 என்று சொன்னதுதான் புரட்டு.

இதற்கு வியாபாரிகள் தரப்பில் இரண்டு பதில் உண்டு.

முதல் பதில்: "ரசிகனுக்குச் சந்தோஷம் போதும், இதையெல்லாம் ஏன் நோண்ட வேண்டும்?" சந்தோஷம் சுவரில் மாட்டி வைப்பதோடு நின்றால் நானும் பேசாமல் இருப்பேன். ஆனால் பழைய கார்ப் பந்தயங்களில் இந்தச் சக்கரங்களை மறுபடியும் ஓட்டுகிறார்கள். மெக்னீசியம் அரிக்கும், வயதானால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். சாயம் ஊற்றிப் பார்க்கும் சோதனையோ எக்ஸ்ரேயோ இல்லாமல் அதை நம்பக்கூடாது. எந்த வருஷத்து வார்ப்பு, எவ்வளவு ஓடியது என்று தெரியாத சக்கரத்தின் மேல் புதுப் பெயின்ட் அடித்துக் கொடுப்பது, வெடிப்பையும் சேர்த்து மூடிக் கொடுப்பதுதான். அந்த உலோகம் பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1955 லெ மான் சாட்சி. அன்று மெர்சிடிஸ் காரின் மெக்னீசியக் கலவை உடல் எரிந்தபோது, ஊற்றிய தண்ணீர் தீயை இன்னும் மூர்க்கமாக்கியது. அந்த விபத்தில் 80 பேருக்கு மேல் மாண்டார்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் 'ஏன் நோண்ட வேண்டும்' என்ற பேச்சு எடுபடாது.

இரண்டாவது பதில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. லண்டன் கோர்ட்டுத் தீர்ப்பைக் காட்டுவார்கள். 1929, 1930 இரண்டு வருஷமும் லெ மானில் வென்ற பென்ட்லி காருக்கு 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர். அதை ஒரு கோடி பவுனுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டவர்கள், இது அசல் அல்ல என்று பின்வாங்கினார்கள். 1990இல் தீர்ப்பு வந்தது. 1929இல் ஓடிய காரின் பாகங்கள் அநேகமாக எதுவும் அதில் மிஞ்சவில்லை என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனாலும் அதுதான் உண்மையான ஓல்டு நம்பர் ஒன் என்று விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். "பார்த்தீர்களா, பாகம் முக்கியமே இல்லை" என்பார்கள்.

தீர்ப்பின் ஒரு பாதியை மட்டும் படித்த பேச்சு இது. அந்தக் கார் ஒரு நாளும் கலைக்கப்படவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மாறியது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தொடர்ச்சியான வரலாறு இருந்தது, அந்தப் பெயருக்கு வேறொரு கார் போட்டிக்கும் வரவில்லை. நீதிபதி பார்த்தது அந்தத் தொடர்ச்சியை. முதல் பந்தயத்திலிருந்து இன்றுவரை யார் கையில் இருந்தது என்று சொல்லத் தெரியாத ஒரு தனிச் சக்கரத்துக்கு அந்தத் தீர்ப்பு எப்படி உதவும்? உண்மையில் அது அவர்களுக்கு எதிரான தீர்ப்பு. தொடர்ச்சியைக் காட்டு என்கிறது. அதுதான் அவர்களிடம் இல்லை.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். உண்மையான பாகம் ஒன்று கையில் கிடைத்தால் அதைச் சுற்றி முழுக் காரையே கட்டிவிடுகிறார்கள். பாட்டன் வீட்டு ஓடு ஒன்றை வைத்துக்கொண்டு, புதிதாய்க் கட்டிய மாடி வீட்டைப் பாட்டன் சொத்து என்று நொத்தேரிடம் எழுதப் போவது போல. பழைய பந்தயக் கார்களுக்கு சர்வதேச சம்மேளனம் ஒரு தொழில்நுட்பக் கடவுச்சீட்டு கொடுக்கிறது. கார் இன்ன காலத்து அமைப்பில் இருக்கிறது என்பதற்குத்தான் அந்தச் சீட்டு. அதன் பூர்வீகத்துக்கு அது உத்தரவாதம் அல்ல. அதை எடுத்துக் காட்டி 'அசல்' என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் வேறு, எத்தா சிவில் பதிவேடு வேறு என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறந்த தேதிக்கு நாம் எதைப் புரட்டுவோம்?

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. பழைய சக்கரம் கிடைத்தால், கழுவுவதற்கு முன்பே உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். எண்ணைத் தேய்க்காதீர்கள், மணல் வீச்சில் விடாதீர்கள். பழைய பூச்சின் மிச்சத்தையும் பழைய டயரின் முத்திரையையும் விட்டுவையுங்கள், அவையும் சாட்சிதான். நகல் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும், ஓட்டுகிறவன் உயிருக்கு நகல்தான் பத்திரம். ஆனால் செய்த வருஷத்தை அழிக்க முடியாதபடி பொறிக்கட்டும். அசல் சக்கரத்தை ஓட்டாமல் தனியே வையுங்கள், கை மாறும்போது யார், எப்போது, யாரிடமிருந்து என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.

தெரியாததைத் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். அலுவலகத்தில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே அதுதான்: விவரம் இல்லாத கட்டத்தில் கோடு போடு, கற்பனையை எழுதாதே. கோடு போட்ட கட்டத்தை நாளைக்கு ஒருவன் தேடிக் கண்டுபிடித்து நிரப்புவான். பொய் எழுதிய கட்டத்தை யாரும் தேட மாட்டார்கள். அந்தச் சக்கரத்தை வடித்தவனும், இராத்திரி மழையில் அதை மாற்றிப் பூட்டிய மெக்கானிக்கும் அத்தோடு காணாமல் போவார்கள்.