பழி ஓரிடம், பாவம் ஓரிடம்



வீட்டில் ஒரு பொருள் பழுதுபட்டால், "என்ன பழுது?" என்று வினவுமுன் "யார் தொட்டது?" என்று வினவுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தால் அண்மையில் நாமே ஓர் இளைஞன் முன் தலைகுனிய நேர்ந்தது. அதனை மறைக்காது எழுதுவது வாசகர்க்கும் பயன் தரும் என்பதால், இம்மாதம் அதையே எடுத்துக்கொண்டோம்.

ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றிற்குரிய பதிவேடுகள் ஒவ்வொரு பங்கிலும் இருத்தல் வேண்டும், அவை கவனத்துடன் பேணப்படவும் வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 535-ஆம் சட்டத்தில் பணிக்கிறது. நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளின் தாள்கள் பொடியத் தொடங்கியமையால், அவற்றைக் கணிப்பொறியில் படியெடுக்கும் பணியை மேற்கொண்டோம். பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன் மாலைதோறும் வந்து, கைம்மாறு கருதாது தட்டச்சுச் செய்து வந்தான்.

சில வாரங்கள் சென்றன. கணிப்பொறி தானே அணைந்து, தானே மீண்டும் தொடங்கலாயிற்று. சேமிக்கப்படாத பெயர்கள் யாவும் அழிந்தன. அம்மாணவன் தன் பென் டிரைவை அதில் செருகியதை நாம் கண்டிருந்தோம். அதன் வழியாக வைரஸ் புகுந்துவிட்டது என்று முடிவு கட்டினோம். "ஐயா, கிணற்று மோட்டார் போடும்போதுதான் அணைகிறது" என்று அவன் சொன்னான். தன் தவற்றை மறைக்க மோட்டாரைத் துணைக்கு இழுக்கிறான் என்று எண்ணி, பலர் முன்னிலையில் கடிந்து பேசினோம். மறுநாள் முதல் அவன் வரவில்லை.

விண்டோஸை முற்றும் அழித்துப் புதிதாக நிறுவச் செய்தோம். மூன்றாம் நாளே கணிப்பொறி பழையபடி அணைந்து எழுந்தது. அதன் பின்னரே பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்தோம்.

வந்தவர் எதையும் கழற்றவில்லை. முதலில் பதிவுகள் அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்தார். பின்பு, "எப்போது அணைகிறது?" என்று கேட்டார். மாணவன் சொன்னதைச் சற்றே தயக்கத்துடன் சொன்னோம். அவர் கணிப்பொறியைத் தொடங்கி, விண்டோஸ் வருமுன் தோன்றும் பயாஸ் திரையிலேயே நிறுத்தி வைத்தார். "ஐயா, இந்நிலையில் விண்டோஸ் இன்னும் ஓடவில்லை. இங்கேயும் அணைந்தால் விண்டோஸின் மேல் பழி சொல்வதற்கில்லை, அதற்குள் புகுந்த வைரஸின் மேலும் சொல்வதற்கில்லை" என்றார். மோட்டாரைப் போடச் சொன்னார். விளக்கு ஒரு கணம் மங்கிற்று. கணிப்பொறி அணைந்து மீண்டும் தொடங்கிற்று.

அடுத்து, யு.பி.எஸ். பெட்டியில் கணிப்பொறிக்குப் பதிலாக ஒரு மேசை விளக்கைச் செருகி, யு.பி.எஸ்.ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்தார். தொடர்ந்து எரிந்திருக்க வேண்டிய விளக்கு அக்கணமே அணைந்தது. ஐந்தாண்டு கடந்த 12 வோல்ட் பாட்டரி உயிரற்றுக் கிடந்தது.

காரணம் எளிது. மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். 230 வோல்ட் சிறிது நேரம் தாழும். அவ்வேளையில் யு.பி.எஸ். பாட்டரிக்கு மாறும். பாட்டரி செத்திருப்பின் கணிப்பொறி ஒரு கணம் மின்சாரமின்றி நிற்கும். மின்சாரம் மீண்டதும் புதிதாகத் தொடங்கும்.

நிற்க. எல்லா இல்லங்களிலும் பாட்டரியே காரணமாகிவிடாது. ஆதலின் தேடும் முறையை அறிந்திருத்தல் நன்று. முதலில் வேண்டியவற்றை நகலெடுங்கள். எந்நேரத்தில் அணைந்தது, அப்போது என்ன வேலை நடந்தது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். சற்று நேரம் ஓடிய பின்போ, கடும் வேலையின்போதோ அணைந்தால் வெப்பத்தை ஐயுறுங்கள். உள்விசிறியிலும் அதன் அடியிலுள்ள உலோகத் தகடுகளிலும் தூசி அடைந்திருக்கலாம். பயாஸ் திரையில் வெப்ப அளவைக் காணலாம். காலம் நேரம் இன்றி அணைந்தால், இரண்டு ராம் அட்டைகள் இருப்பின் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு மற்றதை வைத்துப் பாருங்கள்.

பெரும் பிழை நேர்ந்தால் தானாகவே மீண்டும் தொடங்குமாறு விண்டோஸ் அமைக்கப்பட்டுள்ளது. அதனால் பிழையைக் கூறும் திரை நாம் படிக்குமுன் மறைந்துவிடும். அவ்வமைப்பை நீக்கிவிட்டால் திரை நிலைத்து நிற்கும். ஈவென்ட் வியூவர் ஏட்டில் 41 என்ற எண் காணப்பட்டால், கணிப்பொறி முறையாக மூடப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதே பொருள். நடந்ததை அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். பலவற்றை மாற்றினால் எது பழுது என்பது தெரியாமற் போகும். பவர் சப்ளை பெட்டியை ஒருபோதும் திறவாதீர்கள். பிளக்கை எடுத்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், குற்றம் அவனுடையதா, அவன் பெற்றோருடையதா என்றுதான் ஆண்டவரிடம் கேட்டனர். ஆண்டவரோ இருவர் மேலும் பழி சுமத்தாமல், அவனுக்குப் பார்வையளிக்க முற்பட்டார். அருளப்பர் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தைப் பலமுறை படித்திருந்தும், அன்று மாலை அது நம் நினைவுக்கு வரவில்லை.

புதிய பாட்டரி பொருத்திய அன்றே மாணவனின் வீட்டிற்குச் சென்றோம். அவன் தாய் ஒன்றும் பேசாமல் காப்பி கொடுத்தார். அம்மௌனம் நம்மைச் சுட்டது. பலர் முன் கடிந்தமையால் பலர் முன்னரே மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று கருதி, ஞாயிறு பூசைக்குப் பின் அலுவலக வாயிலில் அவ்வாறே செய்தோம். அடுத்த வாரம் அவன் வந்தான். அழிந்துபோன பெயர்களைத் தானே மறுபடி தட்டச்சுச் செய்தான்.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் ஒரு பொருள் பழுதாகும் நாளில், "நீ என்ன செய்தாய்?" என்று பிள்ளையைக் கேட்குமுன் "அப்போது என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலை இறுதிவரை கேளுங்கள். பாட்டரியை மாற்ற நமக்கு அரைமணி போதியதாயிற்று. அவன் வீட்டுப் படியேற நமக்கு அதனினும் நெடுநேரம் பிடித்தது.