தூக்கம் சோம்பேறித்தனமல்ல!



"நேத்து ராத்திரி நாலு மணி வரைக்கும் முழிச்சிருந்தேன்டா!" என்று போர்டு எக்ஸாம் அன்று ஹால் வாசலில் மார்தட்டிக் கொள்பவர்கள் நம்மிடையே ஏராளம். கேட்பவனுக்கு உடனே வயிற்றைக் கலக்கும். "ஐயோ, நாம பதினொரு மணிக்கே படுத்துட்டோமே!" உண்மையில் கலங்க வேண்டியவன் யார்?

படிப்பது ஒரு வேலை. படித்ததைப் பதிய வைப்பது இன்னொரு வேலை. முதலாவது விழித்திருக்கும்போது நடக்கிறது. இரண்டாவதில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. பகலில் படித்தது முதலில் மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியைச் சார்ந்து நிற்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் மூளை அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, தன் மேற்பரப்பில் நிலைக்கச் செய்கிறது. காங்கிரீட் போட்டுவிட்டு க்யூரிங் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று சிவில் பிரிவு நண்பர்களைக் கேளுங்கள். நைட் அவுட் அடித்துப் படித்த பாடத்தின் கதியும் அதுதான்!

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1924-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இரண்டு மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டார்கள். இடையில் தூங்கியபோது பாதிக்கு மேல் ஞாபகம் இருந்தது. விழித்திருந்தபோது பத்தில் ஒன்று அளவே மிஞ்சியது.

சரி, மார்க் போனால் அரியர் எழுதலாம். விரல் போனால்?

1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒன்றை நிரூபித்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனின் கையும் கண்ணும் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவனைப் போல்தான் வேலை செய்கின்றன. நம் நாட்டில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது என்பது சட்டம். இரவு முழுக்க விழித்துவிட்டு, காலை முதல் பீரியடில் லேத் முன்னால் நிற்பவனின் நிலை இதைவிட மோசம். சக் கீயை எடுக்க மறந்து மெஷினை ஆன் செய்ய ஒரு நொடிக் கண்ணயர்வு போதும். குடித்துவிட்டு வந்தவனை ஒர்க்‌ஷாப்புக்குள் விடுவோமா? தூங்காமல் வந்தவனை மட்டும் "சின்சியர் பையன்" என்கிறோம்!

தூக்கம் தொடர்ந்து குறைந்தால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய்க்கும் கதவு திறக்கிறது. நம் வயதில் 18 வரை தினமும் எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். அதற்கு மேல் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

"வள்ளுவரே துயிலைக் கண்டிச்சிருக்காரே?" என்று சிலர் மடக்கலாம். மடியின்மை அதிகாரத்தில் அவர் கண்டிப்பது அளவுக்கு மிஞ்சிய தூக்கத்தைத்தான். மு.வ. உரையைப் புரட்டிப் பாருங்கள்.

செல்போனை நோண்டித் தூக்கத்தைக் கெடுத்துக் கொள்பவர்களுக்கு ஒரே வார்த்தைதான்: அணைத்துவிட்டுப் படுங்கள். ஆனால் எல்லோரும் அப்படி அல்ல. ராத்திரி ஓட்டலில் சப்ளை செய்து ஃபீஸ் கட்டும் நண்பன் இருக்கிறான். விடிவதற்கு முன் எழுந்து, இரண்டு பஸ் மாறி வரும் தங்கை இருக்கிறாள். அவர்களிடம் போய் "நல்லாத் தூங்குப்பா" என்று உபதேசம் செய்வது வயிற்றெரிச்சலைத்தான் கிளப்பும். அவர்களுக்கு வேண்டியது அறிவுரை அல்ல, நேரம்.

எனவே நம் பேரவை மூன்று விஷயங்களைக் கையில் எடுக்க வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் ரெக்கார்டு நோட்டையும் டிராயிங் ஷீட்டையும் கடைசி வாரத்தில் மொத்தமாகக் கேட்காமல், மாதவாரியாகப் பிரித்து வாங்கச் சொல்லிக் கோர வேண்டும். விடுதியில் இரவு பத்தரைக்கு மேல் சத்தம் கூடாது என்பதை நாமே நடைமுறைப்படுத்த வேண்டும். ஸ்காலர்ஷிப் பணம் தாமதமானால் உடனே குரல் கொடுக்க வேண்டும். அது நேரத்துக்கு வந்தால் நைட் டூட்டிக்குப் போகும் நம் நண்பர்களில் சிலராவது வீட்டில் படுத்துத் தூங்குவார்கள்.

தோழர்களே! நாளை நாம் இயக்கப் போவது மெஷின்களை, கட்டப் போவது பாலங்களை. அதற்குத் தெளிந்த கண்ணும் நடுங்காத கையும் வேண்டும்.

நன்றாகப் படிப்போம்! நன்றாகத் தூங்குவோம்!