ஜேனட் அம்மாளின் கார்

கார் பந்தயமா, அது ஆம்பிளைகள் சமாசாரம் என்கிறோம் இல்லையா? அமெரிக்காவில் ஜேனட் கத்ரி என்று ஓர் அம்மாள். பௌதிகம் படித்தவர். 1976-ல், 38 வயதில், 'ஸ்டாக் கார்' பந்தயத்தில் இறங்கினார். (பார்வைக்கு நாம் தெருவில் காணும் கார் மாதிரிதான், வேகம்தான் வேறே!) பொம்பிளைக்குத் தெம்பு ஏது என்றார்கள். 600 மைல் பந்தயத்தில் 15-வதாக வந்தார்.

மறு வருஷம் டேடோனாவில் எட்டாவதாகப் போய்க் கொண்டிருந்தவரை, கடைசி நேரத்தில் இன்ஜின் கோளாறு 12-வதாகத் தள்ளிவிட்டது. 1978-ல் இண்டியானாபோலிஸ் பந்தயம். அது வேறு ரகக் கார். இரண்டு நாள் முன்னால் டென்னிஸ் ஆடப் போய் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. சொன்னால் விடமாட்டார்களே! மறைத்துக் கொண்டு ஓட்டி ஒன்பதாவதாக வந்தார். டாக்டர் கேட்டால் திட்டுவார்தான். நாம் மட்டும் ஜுரத்தோடு தோசை வார்ப்பதில்லையா?

எனக்கு மனசு ஆறாதது இதற்குப் பிறகு நடந்தது. டயர், இன்ஜின் என்று பந்தயத்தில் பணம் தண்ணீராய்ச் செலவாகும்; விளம்பரத்துக்காகக் கம்பெனிகள் கொடுத்தால்தான் உண்டு. இவருக்குக் கொடுக்க ஆளில்லை. 1980-உடன் ஸ்டாக் கார் ஓட்டம் நின்றது. அந்தப் பந்தய உலகம் கூப்பிட்டு விருது கொடுத்தது 2024-ல். அப்போது அவருக்கு வயசு 85!