இரண்டு மொழி பேசினால் குழப்பம் வருமா?



எங்கள் வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். ஓசூர் பக்கம் இப்படி நிறைய வீடுகள் உண்டு. போன மாதம் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பி மேகத்தைப் பார்த்து, "டீச்சர், வான வருது"ன்னு சொல்லியிருக்கிறான். "வானம் எப்படிடா வரும்?"னு பிள்ளைகள் சிரித்தார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். தெலுங்கில் 'வான' என்றால் மழை.

அன்றிலிருந்து அம்மா, "இனிமே அவன்கிட்ட யாரும் தெலுங்கு பேசாதீங்க, குழம்பிடுவான்" என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் அவ்வாவுக்குத் தெலுங்கு மட்டும்தான் வரும். தினமும் தம்பிக்குக் கதை சொல்லும் அவ்வா இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அம்மா சொன்னது சரியில்லை என்பது என் கருத்து.

ஒரு காலத்தில் படித்தவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். 1962-ல் கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில் பீல், லாம்பர்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் 10 வயதுப் பிள்ளைகளுக்குச் சோதனை வைத்தார்கள். பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர்களைவிட பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டும் நன்றாகத் தெரிந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஒரு மொழியை அடக்கி இன்னொன்றை எடுத்துப் பேசுவதால் மனசு சட்டென்று மாறப் பழகுகிறது என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் பின்னால் நடந்த பல சோதனைகளில் வித்தியாசமே தெரியவில்லை. அதனால் 'நாங்கதான் கெட்டிக்காரங்க' என்று நான் பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் மூளை குழம்பிவிடும் என்பது தப்பு.

தம்பியையே பாருங்கள். அவ்வாவிடம் தெலுங்கு, கடைக்காரரிடம் தமிழ். யாரும் சொல்லித் தராமலே மாற்றிப் பேசுகிறான். அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இடம் மாறிப்போச்சு.

அதுவும் ரொம்ப தூரம் போகவில்லை! தமிழிலும் 'வான்' என்றால் மழை என்று பொருள் உண்டு என்று தமிழ் டீச்சர் சொன்னார்கள். திருக்குறளில் 2-ஆம் அதிகாரம் 'வான்சிறப்பு' மழையைப் பற்றியதுதானே?

நம் பள்ளியில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வார்த்தை மாற்றிச் சொன்னால் சிரிக்காதீர்கள். சரியான தமிழ் வார்த்தையைச் சொல்லிக் கொடுங்கள். அவங்க வார்த்தையையும் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

அம்மாவிடம் நான் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். தம்பிக்குத் தமிழ் நன்றாக வர வேண்டும். அதற்காக அவ்வாவின் கதை நிற்கக் கூடாது.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி